மணி அடித்த பிறகும் பள்ளிக்கூடம் உண்டு

(முடிச்சூரில் மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய நிகழ்ச்சியில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நம் வீதிகளில் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறது. ‘உங்கள் மகன் எத்தனை மார்க்?’ பள்ளிவாசல் வாசலிலும் இதே கேள்வி. கல்யாண வீட்டிலும் இதே கேள்வி. ‘உங்கள் மகன் பள்ளியில் எந்த மன்றத்தில் இருக்கிறான்? எந்த அணியில் ஆடுகிறான்? போன மாதம் மேடையேறி எதைப் பற்றிப் பேசினான்?’ என்று யாராவது கேட்டு நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை.

இன்று அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன். விளையாட்டு, பேச்சுப் போட்டி, சாரணர் படை, முகாம் இவையெல்லாம் படிப்பைக் கெடுப்பவை என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றிக் கிடக்கிறது. உண்மை அதற்கு நேர்மாறானது. நம் பிள்ளைகளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளிக்கூடத்தில் பிடித்து நிறுத்துகிற கயிறுகளில் உறுதியானவை இவைதாம். எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

சட்டம் கைவிடும் வயது

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு உரியது. எட்டாம் வகுப்போடு அதன் காவல் முடிந்துவிடுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. 14 வயது நிரம்பிவிட்டால் ஆபத்தான தொழில்களில் மட்டும்தான் தடை. கடையில் நிறுத்தத் தடை இல்லை. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி நிறுத்தம் கிடையாது. ‘பெயில்’ என்ற சொல்லைப் பிள்ளை முதன்முதலாகக் கேட்பது ஒன்பதாம் வகுப்பில்.

கவனித்தீர்களா? மூன்றும் ஒரே இடத்தில் வந்து சந்திக்கின்றன. பதினான்கு வயது, ஒன்பதாம் வகுப்பு. அந்த இடத்தில் சட்டம் கையை விடுகிறது, தேர்வு கழுத்தைப் பிடிக்கிறது, கடை வா என்று அழைக்கிறது.

சச்சார் குழு 2006இல் அளித்த அறிக்கையை நம் மேடைகளில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். 6 வயதிலிருந்து 14 வயதுக்குள் உள்ள முஸ்லிம் பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் பள்ளிக்கே போகாதவர்கள் அல்லது இடையில் நின்றவர்கள் என்று அது சொன்னது. அது இந்தியா முழுமைக்குமான கணக்கு. தமிழ்நாட்டின் நிலை அதைவிட மேல் என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால், அந்தக் கணக்கு 14 வயதோடு நின்றுவிடுகிறது. நம் பையன் நழுவுவது அதற்குப் பிறகல்லவா?

அவன் ஒரே நாளில் பள்ளியை விடுவதில்லை. முதலில் திங்கட்கிழமை மட்டம் போடுவான். பிறகு ‘மாமா கடையில் ஆள் இல்லை’ என்று சனிக்கிழமை போவான். பிறகு கையில் ஐந்நூறு ரூபாய் வரும். வகுப்பில் அவனை யாரும் கண்டுகொள்வதில்லை, கடையிலோ ‘தம்பி, தம்பி’ என்று அழைக்கிறார்கள். எங்கே தனக்கு மதிப்பு இருக்கிறதோ அங்கேதான் பையன் போவான். இதில் என்ன ஆச்சரியம்?

வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் முதல் ஐந்து பேரை ஆசிரியருக்குத் தெரியும். கடைசி ஐந்து பேரையும் தெரியும். நடுவில் இருக்கும் முப்பது பேரை யாருக்குத் தெரியும்? அந்த முப்பதில் ஒருவன் கபடி அணியில் இருந்தால் பி.இ.டி. மாஸ்டருக்கு அவனைத் தெரியும். ஒருவன் இலக்கிய மன்றச் செயலாளராக இருந்தால் தமிழாசிரியருக்குத் தெரியும். ‘நேற்று ஏன் வரவில்லை?’ என்று கேட்க ஓர் ஆள் இருக்கும். அந்த ஒரு கேள்விதான் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்துகிறது.

பள்ளியில் என்னென்ன இருக்கின்றன?

பல பெற்றோருக்கு இது தெரிவதில்லை. எல்லாப் பள்ளியிலும் எல்லாமும் இருக்காது. ஆனால், ஏதாவது ஒன்று இல்லாத பள்ளி அரிது.

இலக்கிய மன்றம் இருக்கிறது. கட்டுரை, பேச்சு, கவிதை, பட்டிமன்றம் அதன் வேலை. தலைவர்களின் பிறந்தநாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்ட அளவில் மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி நடத்துகிறது. முதல் பரிசு 5,000 ரூபாய், இரண்டாம் பரிசு 3,000, மூன்றாம் பரிசு 2,000. நமக்கு 2019 நவம்பரிலிருந்து செங்கல்பட்டுதான் மாவட்டத் தலைநகர். முன்போலக் காஞ்சிபுரம் வரை போக வேண்டியதில்லை.

அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டு முதல் கலைத் திருவிழா நடந்துவருகிறது. பள்ளியில் தொடங்கி வட்டாரம், மாவட்டம் என்று ஏறி மாநிலம் வரை போகலாம். வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம். மாணவர்களே எழுதுவதற்கென்று ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்ற இதழ்களைப் பள்ளிக் கல்வித்துறை 2022இல் தொடங்கியது.

தேசிய மாணவர் படை இருக்கிறது. 1948இல் தொடங்கிய என்.சி.சி.தான் அது. பள்ளியில் இரண்டு ஆண்டுகள் ஒழுங்காக அணிவகுப்புக்கும் முகாமுக்கும் போய்த் தேர்வில் தேறினால் ‘ஏ’ சான்றிதழ் கிடைக்கும். சாரணர் படையில் ராஜ்ய புரஸ்கார், ராஷ்டிரபதி விருது வரை போகலாம். ஜூனியர் ரெட் கிராஸ் இருக்கிறது. பசுமைப் படை இருக்கிறது. மேல்நிலை வகுப்பில் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. ஏழு நாள் முகாம் போட்டு ஓர் ஊருக்கு உழைப்பதுதான் அதன் பாடம்.

‘இதற்கெல்லாம் நேரம் ஏது? மார்க் குறைந்துவிடாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். அரசாங்கமே மார்க் வெறியைக் கொஞ்சம் தணித்துக்கொண்டது. 2017இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் போடுவதைத் தமிழக அரசு நிறுத்தியது. 2017-18இல் கொண்டுவந்த பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வையும் 2025-26 கல்வியாண்டு முதல் கைவிட்டது. பள்ளியே விட்டுக்கொடுத்த நேரத்தை நாம் மீண்டும் டியூஷனுக்கே கொடுக்க வேண்டுமா?

குரோம்பேட்டையில் ஒரு கட்டுரைப் போட்டி

நம் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். குரோம்பேட்டையில் 1949இல் தொடங்கப்பட்ட எம்.ஐ.டி. கல்லூரியை எல்லோருக்கும் தெரியும். ராமேஸ்வரத்து மாணவர் ஒருவர் ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்து, திருச்சியில் பட்டம் முடித்து, 1950களில் அங்கே வந்து சேர்ந்தார். சேருவதற்குப் பணம் இல்லை. அக்கா ஜொஹரா தன் நகையை அடகு வைத்துக் கொடுத்தார். அந்த மாணவர்தான் பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரான ஏ.பி.ஜே. அப்துல் கலாம்.

அடகு வைத்த நகையில் படிக்க வந்தவர், பாடப்புத்தகத்தைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று இருந்திருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை. கல்லூரித் தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில் கலந்துகொண்டார். நம் விமானத்தை நாமே செய்யவேண்டும் என்று தமிழில் எழுதினார். முதல் பரிசு கிடைத்தது. அதை வழங்கியவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். கலாம் தம் சுயசரிதையிலேயே இதைக் குறிப்பிடுகிறார். அந்தக் கட்டுரைக்கு மார்க் இல்லை. ஆனால், தாம் என்ன செய்யப்போகிறோம் என்பதை அந்த இளைஞர் சொந்த மொழியில், நாலு பேர் அறிய முதலில் எழுதிப் பார்த்தது அங்கேதான்.

வெள்ளம் கற்றுக்கொடுத்த பாடம்

முடிச்சூர்க்காரர்களுக்கு 2015ஐப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நவம்பரில் ஒருமுறை, டிசம்பரில் மறுமுறை வெள்ளம் வந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. அடையாற்றின் வெள்ளமும் ஏரிகளின் உபரி நீரும் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தன. ராணுவம் படகோடு வந்தது. அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போனது. புத்தகம் போனது, நோட்டு போனது, சான்றிதழ் போனது.

அந்த நாட்களில் எந்தப் பிள்ளை ஊருக்குப் பயன்பட்டான்? நீந்தத் தெரிந்தவன் பயன்பட்டான். கயிற்றில் முடிச்சுப் போடத் தெரிந்தவன் பயன்பட்டான். காயத்துக்குக் கட்டுப் போடத் தெரிந்தவன், நூறு பேருக்குச் சோற்றுப் பொட்டலத்தைச் சண்டையில்லாமல் பங்கிடத் தெரிந்தவன் பயன்பட்டான். சாதி, மதம் பாராமல் நம் இளைஞர்கள் உதவிப் பணியில் இறங்கினார்கள் என்பதை ஊரே அறியும்.

சகோதரர்களே, முடிச்சுப் போடுவது சாரணர் படையின் ஆரம்பப் பாடம். முதலுதவி ஜூனியர் ரெட் கிராஸின் பாடம். வரிசையில் நின்று கட்டளைக்குக் கீழ்ப்படிவதும் கட்டளையிடுவதும் என்.சி.சி.யின் பாடம். இவற்றைத்தான் ‘வீண் வேலை’ என்று நாம் தள்ளிவைத்திருக்கிறோம். ஆற்றங்கரை ஊரில் இருந்துகொண்டு இப்படிச் சொல்லலாமா? ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழை வரத்தான் போகிறது.

பெண்பிள்ளைகளுக்கும் இதில் பங்குண்டு

தாய்மார்களே, உங்களிடம் தனியாகச் சில வார்த்தை. பெண்பிள்ளை படிக்கட்டும், ஆனால் போட்டி, பயிற்சி என்று பள்ளியில் தங்கக்கூடாது என்று சொல்லும் வீடுகள் நம்மிடம் நிறைய. பாதுகாப்பு பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அந்தக் கவலைக்குத் தீர்வு காண வேண்டுமே தவிர, பிள்ளையைக் கட்டிப்போடுவது தீர்வாகாது.

சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2 அன்று இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா விண்கலத் திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் நிகர் ஷாஜி. செங்கோட்டைக்காரர். விவசாயியின் மகள். அவர் படித்தது செங்கோட்டை அரசு மகளிர் பள்ளியில். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள். கேரம் பலகையை எடுத்தால் ‘படிக்கிற நேரத்தில் என்ன ஆட்டம்?’ என்று நாம் அதட்டுகிறோமே, அதே கேரம்தான்!

மாலையில் பயிற்சி இருந்தால், தெருவில் நான்கு பிள்ளைகளைச் சேர்த்து ஒரு தாய் முறைவைத்துப் போய் அழைத்து வரலாம். பெண் ஆசிரியர் உடன் இருப்பாரா என்று பள்ளியில் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை.

கையசைத்துத் திரும்பினால் போதுமா?

இந்த ஊரால் மறக்க முடியாத ஒரு நாள் 2012 ஜூலை 25. இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாகச் சாலையில் விழுந்து, அதே வண்டியின் சக்கரத்தில் சிக்கி, இதே முடிச்சூரில் உயிரிழந்தது. சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அதன் விளைவாக அந்த ஆண்டிலேயே பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனிச் சிறப்பு விதிகள் தமிழ்நாட்டில் வந்தன. வண்டியில் உதவியாளர் இருக்க வேண்டும். பள்ளி அளவில் போக்குவரத்துக் குழு இருக்க வேண்டும், அதில் பெற்றோர் பிரதிநிதியும் இருக்க வேண்டும். ஒரு பிஞ்சு உயிரை விலையாகக் கொடுத்து வந்த விதிகள் இவை.

இதை ஏன் இங்கே நினைவூட்டுகிறேன்? நாம் பிள்ளையை வண்டியில் ஏற்றிவிட்டுக் கையசைத்துத் திரும்பிவிடுகிறோம். வண்டிக்குள் ஏறிப் பார்ப்பதில்லை. பள்ளிக்கும் அப்படித்தான். சேர்க்கைக்கு ஒருமுறை, டி.சி. வாங்க ஒருமுறை என்று இரண்டே தடவை போகிறோம். விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்டால் நமக்குத் தெரியாது. பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று தெரியாது. மன்றம் என்பது நோட்டில் மட்டும் நடக்கிறதா, நிஜமாகவே நடக்கிறதா என்றும் தெரியாது.

கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழு என்ற ஒன்றை அமைத்திருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022இலும் 2024இலும் அரசுப் பள்ளிகளில் இக்குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு நம்மில் எத்தனை பேர் போனோம்? சட்டமன்றத்தில் இத்தனை இடம் வேண்டும், உள்ளாட்சியில் இத்தனை இடம் வேண்டும் என்று கேட்கிற நாம், நம் தெருமுனைப் பள்ளியில் காலியாகக் கிடக்கும் நாற்காலியில் போய் உட்கார வேண்டாமா?

வாசல் வரை வந்து திரும்பலாமா?

நம்மைச் சுற்றிக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு வந்தது. குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. இருக்கிறது. வண்டலூரில் பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் 1984இல் கிரசென்ட் பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார்கள். 2007இல் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைத்தது. எத்தனை மாநாடு, எத்தனை பேரணி, எத்தனை ஆண்டு உழைப்பு! அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் 2020இல் வந்தது. மறு ஆண்டு பொறியியலுக்கும் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன.

இந்தக் கதவுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சாவி ஒன்றுதான். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்! ஒன்பதில் நின்றுபோனவனுக்கு 3.5 சதவீதத்தால் என்ன பயன்?

‘குடும்பக் கஷ்டம்’ என்கிறீர்களா? அரசு, அரசு உதவிபெறும் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை தேசிய வருவாய்வழி மற்றும் திறன் தேர்வை எழுதித் தேர்ச்சி பெற்றால், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. நழுவுகிற அந்த நான்கு ஆண்டுகளுக்கென்றே கொடுக்கப்படும் பணம் இது. உங்கள் பிள்ளை ஏழாம் வகுப்பில் இருக்கும்போதே ஆசிரியரிடம் விசாரியுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு

ஒரு சங்கடமான விஷயத்தையும் பேசியாக வேண்டும். மாலை ஐந்து மணிக்குப் பிள்ளை ஓதப் போக வேண்டும். அதே ஐந்து மணிக்குத்தான் மைதானத்தில் பயிற்சி நடக்கும். இரண்டில் ஒன்றை விட்டாக வேண்டும் என்ற நிலையில் பிள்ளை பொய் சொல்லப் பழகுகிறான். ஹஜ்ரத்திடம் ஒரு பொய், மாஸ்டரிடம் ஒரு பொய். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துபோகிற சிக்கல் இது. வளர்ந்த பிள்ளைகளுக்கு ஃபஜ்ருக்குப் பிறகோ, மஃரிபுக்குப் பிறகோ பாடம் வைக்க முடியாதா? வாரத்தில் இரண்டு நாள் விட்டுக்கொடுக்க முடியாதா? நிர்வாகிகள் மனம் வைத்தால் முடியும்.

இன்னொன்று. ஒவ்வொரு பள்ளிவாசலிலும் சந்தாதாரர் பட்டியல் இருக்கிறது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளைகளின் பட்டியல் இருக்கிறதா? பெயர், வகுப்பு, பள்ளி, எந்த மன்றம் அல்லது அணி என்று நான்கு கட்டம் போட்ட ஒரு நோட்டு போதும். நான்காவது கட்டம் காலியாக இருக்கும் பிள்ளையின் வீட்டுக்கு முதலில் போங்கள். ஜூன் மாதம் பெயர் இருந்து அக்டோபரில் காணாமல் போனவன் வீட்டுக்கு அன்றே போங்கள். மாப்பிள்ளை வீட்டைத் தேடி எத்தனை மைல் போகிறோம்! இதற்கு இரண்டு தெரு நடக்க மாட்டோமா?

மாணவச் செல்வங்களே!

கடைசியாக உங்களுக்கு. உங்கள் கையில் செல்போன் இருக்கிறது. அதில் மற்றவர்கள் ஆடுவதை, பாடுவதை, பேசுவதைப் பார்த்துக்கொண்டே இரவு பன்னிரண்டு ஆகிறது. பார்வையாளனாக இருப்பதற்குத் திறமை வேண்டியதில்லை. நீ எப்போது மைதானத்தில் இறங்கப்போகிறாய்? நீ எப்போது மேடையேறப்போகிறாய்? முதல் தடவை நாக்குக் குழறும், கால் நடுங்கும். நடுங்கட்டும்! மூன்றாம் தடவை நடுங்காது.

இந்தக் கல்வியாண்டில் ஒன்றே ஒன்றில் பெயர் கொடுங்கள். இரண்டு வேண்டாம், ஒன்று போதும். கொடுத்தபின் ஆண்டு முடியும்வரை விடாதீர்கள். அந்த அணியில், அந்த மன்றத்தில் மற்ற சமுதாயப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களோடு பந்தைப் பகிர்ந்து, மேடையைப் பகிர்ந்து, முகாமில் சோற்றைப் பகிர்ந்து வளருங்கள். நாளைக்கு நம்மைப் பற்றி யாராவது தவறாகப் பேசினால், ‘எனக்கு அவனைத் தெரியும், அவன் அப்படிப்பட்டவன் அல்ல’ என்று சொல்ல ஊரில் நாலு பேர் இருப்பார்கள். எந்தத் துண்டுப் பிரசுரமும் தர முடியாத சாட்சி அது.

பெற்றோர்களே, இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பிள்ளையிடம் மார்க்கைக் கேட்காதீர்கள். ‘பள்ளியில் நீ எதில் இருக்கிறாய்?’ என்று கேளுங்கள். ‘ஒன்றிலும் இல்லை’ என்று பதில் வந்தால், வரும் திங்கட்கிழமை ஒரு மணி நேரம் கடைக்கு விடுமுறை விட்டு, பிள்ளையோடு பள்ளிக்குப் போய் ஆசிரியரைப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், அந்த ஒரு மணி நேரம் வீண் போகாது.